அங்கதம் காத்த அன்பர்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (தாவரவியல்)

அரசனைப் புகழ்ந்து பாடிய பாட்டுக்கு அரண்மனையே காவல். அமைச்சரை ஏசிப் பாடிய பாட்டுக்கு யார் காவல்? 18-ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனின் அரசியல் அங்கதப் பாடல்களைப் பற்றிப் படித்தபோது எனக்குள் எழுந்த வினா இது. ஆங்கிலப் பாடத்தில் டிரைடன், போப் ஆகியோரின் பெயர்களைக் கேட்டதோடு நின்றுவிடாமல், மேலும் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

ஒரு நாள் வாழ்வு

அக்காலத்து அரசியல் பாடல்களில் பல, ஒரே தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிடப்பட்டவை. தெருவில் பாடிக்கொண்டே சில்லறைக் காசுக்கு விற்பார்கள். அச்சேற்ற அஞ்சியவை கையால் படியெடுக்கப்பட்டு, லண்டன் காபிக் கடைகளில் கைமாறின. படித்து முடித்த தாள் என்ன ஆகும்? பண்டம் சுற்றப் போகும். பெட்டியின் அடியில் விரிக்கப் போகும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் படிக்கத் தொடங்கும் வரை அச்சிட்ட தாள் எங்கள் வீட்டுக்குள் மளிகைப் பொட்டலமாகத்தான் வந்தது. ஆகவே அத்தாள்களின் கதி எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

ஆபத்தும் இருந்தது. அச்சிடுமுன் அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1695-இல் காலாவதியானது உண்மையே. ஆனால் அச்சிட்டபின் வரும் தண்டனை ஒழியவில்லை. நாடு கடந்திருந்த ஸ்டூவர்ட் வாரிசுக்கே அரியணை உரியது என்ற உரைநடைச் சிறு நூலை அச்சிட்டதற்காக, ஜான் மேத்யூஸ் என்ற அச்சகத் தொழிலாளி 1719-இல் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. என்னைவிட இளையவன்!

எனவே பாடியவர் தம் பெயரை மறைத்தார். பாட்டில் வருபவர் பெயருக்கும் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் இட்டு, நடுவே கோடு இழுத்தார்கள். தொல்காப்பியர் கூறும் ‘பழிகரப்பு’ என்ற சொல் இதற்கு எவ்வளவு பொருத்தம்! அன்றைய வாசகனுக்கு அக்கோடு புரிந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்துப் படிப்பவனுக்கு அது விடுகதை.

சேர்த்தவர்கள்

நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் (1633–1703) 1,800-க்கும் மேற்பட்ட தெருப் பாடல் தாள்களைச் சேர்த்து, பொருள்வாரியாகப் பிரித்து, ஐந்து தொகுதிகளாகக் கட்டினார். நாட்டு நடப்புப் பாடல்களுக்கென அதில் ஒரு பிரிவே உண்டு. அவர் நூலகம் 1724-இல் கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரியைச் சேர்ந்தது. இன்றும் அங்கே உள்ளது.

என் மனத்தைக் கவர்ந்தவர் நார்சிஸஸ் லட்ரெல் (1657–1732). அவர் ஒரு தாளை வாங்கினால், வாங்கிய தேதியையும் கொடுத்த விலையையும் அதன்மேலேயே எழுதிவிடுவார். இதனால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று: டிரைடனின் ‘அப்சலோமும் அக்கிதோப்பேலும்’ ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைத் தாக்கும் அங்கதம். ஆசிரியர் பெயரின்றி வந்தது. நூலில் ஆண்டு மட்டுமே உண்டு. லட்ரெலின் பிரதியிலோ 1681 நவம்பர் 17 என்ற தேதி உள்ளது. அதே நவம்பர் 24-இல்தான் பிரபு மீதான அரச துரோகக் குற்றச்சாட்டு ஜூரிகள் முன் வந்தது. அவர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு வாரம் முன்னதாக அக்கவிதை ஊரில் உலவியது என்பதை நமக்குச் சொல்வது ஒரு வாசகரின் பேனா!

பதிப்பாளர்களும் தொகுத்தார்கள். ‘அரசியல் நிகழ்ச்சிப் பாடல்கள்’ என்ற பெயரில் 1689 முதல் தொகுதிகள் வெளிவந்தன. 1743-இல் ‘நகைச்சுவையின் அனாதை விடுதி’ என்ற பொருள்படும் தொகுப்பு தோன்றியது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக லண்டனில் 1741-இல் திறக்கப்பட்ட விடுதியை வைத்துச் செய்த கேலி அது. தந்தை பெயர் சொல்ல முடியாத பாடல்களுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

ஆனால் வணிகத் தொகுப்புகளில் ஒரு குறை உண்டு. விற்பனைக்காகப் புகழ்பெற்றவர் பெயரைப் பாடல்மேல் ஏற்றிவிடுவார்கள். கவிஞர் மார்வெல் பெயரில் அச்சான பல பாடல்கள் அவருடையவைதாமா என்பது ஐயத்துக்குரியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1660 முதல் 1714 வரையிலான இத்தகைய பாடல்களைக் கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டு, ஏழு தொகுதிகளாக 1963 முதல் 1975 வரை பதிப்பித்தது.

சீட்டு இல்லாத செடி

ஹெர்பேரியம் தாளில் செடியை ஒட்டினால் மட்டும் போதாது என்று எங்கள் ஆசிரியர்கள் வலியுறுத்துவார்கள். எங்கே, என்று, யார் பறித்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் வைக்கோல். தவறான சீட்டோ அதைவிடக் கேடு. படிப்பவரை வழிதவறச் செய்யும். அங்கதப் பாட்டின் நிலையும் இதுவே. அது ஒரு நாளில், ஒருவர்மேல் எய்த அம்பு. நாளும் ஆளும் மறைந்தால், இலக்கு இல்லாத அம்பு.

ஆள்வோரின் ஆணைகளை அரசே காத்துவைக்கும். தெருவில் நின்றவன் அவர்களைப் பற்றி என்ன நினைத்தான் என்பதைக் காக்கச் சட்டம் எதுவும் இல்லை. தன் காசில் தாளை வாங்கி, மை உலருமுன் தேதியிட்டு வைத்த தனிமனிதர்களே அதைக் காத்தார்கள். பெரிய நூலகம் இதற்குத் தேவையில்லை. ஒரு பேனா போதும். தோழர்களே, நாம் சேர்த்து வைக்கும் தாள் எதுவாயினும், அதன் மூலையில் தேதியை எழுதிவைப்போம்!