லாரி ஒரு பக்கமாக இழுத்தால்

சொந்த லாரி வைத்திருக்கும் சங்கத்தின் செலவுப் புத்தகத்தில் டயர், பட்டறை என்னும் இரு தலைப்புகளே காரியதரிசியைத் தூங்கவிடாதவை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனைச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலித்தபோது, 11 மாதங்களுக்குள் முன் சக்கரங்களுக்கு 3 முறை டயர் வாங்கியிருந்ததைக் கண்டேன். மஞ்சள் மூட்டைகளையும் நூல் பேல்களையும் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கும் கனரக லாரி அது. டிரைவரின் கவனக்குறைவே காரணம் என்று கருதி, டயர் விலையில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்று ஆட்சேபணைக் குறிப்பு எழுதியவன் நானே. “வண்டி வலப்புறம் இழுக்கிறது ஐயா, நாள் முழுதும் ஸ்டீயரிங்கை இடப்புறமாகவே பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்” என்றார் அவர். அதைச் சாக்குப்போக்கென்று கொண்டேன். பாவு ஒருபுறம் தளர்ந்திருக்கும்போது ஊடையின் மேல் குற்றம் சொல்பவனுக்கு ஒப்பானேன்.

அவர் சொன்னதே நோய்க்குறி என்பதைப் பின்னர் ஒரு முதிய பட்டறைத் தொழிலாளி எனக்கு விளக்கினார். அவரிடம் கற்றதையும், அதன் பின் நூல்களில் படித்தறிந்ததையும் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்றெண்ணி இங்கே எழுதுகிறேன். இதற்கு வேண்டுவன ஒரு ஜாக்கி, ஓர் அளவு நாடா, சுண்ணாம்புக் கட்டி, இரண்டு ஆட்கள்.

முதலில் கேட்கவேண்டியது, வண்டி எப்போது இழுக்கிறது என்பதாகும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், குற்றம் பெரும்பாலும் பிரேக்கிலேயே இருக்கும். மிதிக்காதபோதும் இழுத்தால், சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, முன் சக்கரக் குடங்களின் அருகே புறங்கையைக் கொண்டுசெல்க, தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசுமாயின் அப்பக்கத்துப் பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. அதுவும் இல்லையேல், காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறுமானால் குற்றவாளி டயரே. நம் நாட்டில் சாலையின் இடப்புறம் செல்கிறோம். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். ஆகவே இடப்புறம் சற்றே ஒதுங்குவது இயல்பு. சரிவை எதிர்த்து வலப்புறம் இழுக்கும் வண்டியை இயல்பென்று விடலாகாது. இவ்வளவு எளிய செய்தி அன்று எனக்குத் தோன்றவில்லை.

தேய்ந்த டயரை உடனே விற்றுவிடாதீர்கள். அது எழுதப்பட்ட சாட்சி. இரு ஓரங்களும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் கிங்பின், பேரிங், வளைந்த அச்சு ஆகியவற்றை ஐயுறவேண்டும். டயரின் மேல் குறுக்காக உள்ளங்கையை ஓட்டும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்போலவும் தட்டினால் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் சக்கரச் சமநிலையையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, கிங்பின் சோதனை. முன் அச்சின் இரு முனைகளிலும் சக்கரம் திரும்புவதற்குக் கதவின் கீல்போல் நிற்கும் உருளை இரும்பே கிங்பின். அதைச் சுற்றியுள்ள புஷ் தேய்ந்தால் சக்கரம் ஆடத் தொடங்கும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின் மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையலாகாது. பின்னர் ஒருவர் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அது பேரிங்கிலிருந்தும் வரலாம், கிங்பின்னிலிருந்தும் வரலாம். இங்கேதான் பட்டறைகளில் பணம் வீணாகிறது. ஒன்றை மாற்றிப் பயனின்றி மற்றொன்றையும் மாற்றுவார்கள். ஐயத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. மற்றொருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, சக்கரத்தை மறுபடியும் அசைத்துப் பாருங்கள். பிரேக்கானது சக்கரத்தையும் அதன் குடத்தையும் அச்சு முனையோடு ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஆகவே ஆட்டம் மறைந்தால் குற்றம் பேரிங்கில்; மறையாவிடில் கிங்பின்னில். இச்சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால், டை ராடு முனைகளையும் ஆராய வேண்டும்.

ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டத்திற்குச் சட்டமே அளவு கூறுகிறது. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98 ஆம் விதிப்படி அது 30 பாகைக்கு மேற்படக் கூடாது. கடிகார முகத்தில் 12க்கும் 1க்கும் இடையேயுள்ள அளவு அது. சக்கரங்கள் நேராகத் தரையில் நிற்க, ஸ்டீயரிங் வளையத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, முன் சக்கரம் அசையத் தொடங்கும்வரை இருபுறமும் மெல்லத் திருப்பினால் ஆட்டம் தெரிந்துவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அளவு மிகுந்தால், ஒருவர் வளையத்தை இடமும் வலமும் சிறிதாக ஆட்ட, மற்றவர் பக்கவாட்டில் நின்று ஸ்டீயரிங் பெட்டி முதல் டை ராடு வரை ஒவ்வொரு மூட்டையும் பார்க்கட்டும். எந்த மூட்டில் ஒரு பாகம் அசைய மறு பாகம் வாளாவிருக்கிறதோ, அதுவே தேய்ந்தது.

ஸ்டீயரிங் கடினமாகத் திரும்பினால் முதலில் காற்றையும், பவர் ஸ்டீயரிங் எண்ணெயையும் பார்க்கவேண்டும். பிறகு முன் அச்சைத் தூக்கி, டிராக் லிங்க் என்னும் இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் கையால் திருப்பலாம். அப்போதும் கடினமாயின் கிங்பின் கிரீஸின்றி வறண்டிருக்கிறது. எளிதாகத் திரும்பினால் ஸ்டீயரிங் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

இனி, நமது லாரியின் கதைக்கு வருகிறேன். முதியவர் சக்கரங்களை நேராக நிறுத்தச் செய்து, முன் சக்கரக் குடத்தின் நடுவிலிருந்து பின் சக்கரக் குடத்தின் நடுவரை இருபுறமும் அளந்தார். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் நீண்டிருந்தது. கமான் பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். சென்டர் போல்ட்டின் வேலை பட்டைகளை ஒன்றுசேர்த்து, அச்சு நிற்கவேண்டிய இடத்தைக் குறிப்பதே. இழுவையைத் தாங்குவது அன்று. யூ போல்ட்டுகள் தளரவே, பாரம் முழுவதும் சென்டர் போல்ட்டின்மேல் விழுந்து அது அறுந்திருந்தது. பின் அச்சின் இட முனை பின்னோக்கி நழுவிவிட்டது. வண்டியின் பின்பாகம் இடப்புறம் செல்ல, மூக்கு வலப்புறம் திரும்புகிறது. டிரைவர் அதை எதிர்த்து முன் சக்கரங்களைத் திருப்பியே ஓட்ட, அவை சாலையில் அரைபட்டன. புது டயர் எத்தனை வாங்கினும் அதே கதிதான். மலை இறக்கத்தில் அச்சு மேலும் நழுவியிருந்தால், நான் எழுதவேண்டிய குறிப்பு வேறாக இருந்திருக்கும்.

புதிய கமான் பட்டை பொருத்திய வண்டியில், பாரத்தோடு சில நாட்கள் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். இதைப் பல சங்கங்கள் செய்வதில்லை என்பது என் அனுபவம். சென்டர் போல்ட்டின் அருகே பட்டையில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாயிருக்கலாம். கூடுதல் பாரம் ஏற்ற விரும்பிப் பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் வழக்கமும் நன்றன்று. உடையாத பட்டை தன் அதிர்ச்சியைச் சட்டத்திற்கு அனுப்புகிறது. பின் அச்சுக்கும் அப்பால் வால்பக்கத்தில் மூட்டைகளைக் குவித்தால் முன்பாரம் குறைந்து, பழுதில்லாத வண்டியும் சாலையில் அலையும். விளைபொருள் ஏற்றும் அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த லாரிக்கு யூ போல்ட்டுகளும் சென்டர் போல்ட்டும் புதிதாகப் போட்டு, அச்சைப் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். செலவு ஒரு டயரின் விலையைக்கூட எட்டவில்லை. பிடித்தம் செய்த தொகையைத் திருப்பித் தர நிர்வாகக் குழு தீர்மானித்தது. என் ஆட்சேபணையின் கீழ் அதை நீக்கும் குறிப்பை நானே எழுதிக் கையொப்பமிட்டேன். வண்டிப் புத்தகத்தில் ‘டிரைவர் உணர்ந்தது’ என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதில் அவர் எழுதிய முதல் வரி: “இழுக்கவில்லை. இடப்பக்க யூ போல்ட்டை மறுபடி இறுக்கினேன்.”