முதுகில் போடும் ஊசி: பயமும் உண்மையும்



சேந்தமங்கலத்திலும் கொல்லிமலையிலும் குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னையிலிருந்து இடுப்பு வலி விடல." இந்தப் பயத்தில், ஆபரேஷன் முடிந்த பிறகும் வலி மருந்து வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் தாய்மார்கள் உண்டு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். ஆகவே இது நம் எல்லார் வீட்டு விஷயம்.

முதுகில் என்ன செய்கிறார்கள்?

ஸ்பைனல் என்பது ஒரே ஊசி. இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துப்போகும். பெரும்பாலான சிசேரியன் இப்படித்தான் நடக்கிறது.

எபிடூரல் என்பது முதுகில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியே மருந்து கொடுப்பது. ஆபரேஷன் முடிந்த பிறகும் ஓரிரு நாள் வரை இப்படி வலியைக் குறைக்கலாம். இந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. இல்லாத இடத்தில் ஊசி, மாத்திரை தருவார்கள்.

இடுப்பு வலி இதனாலா?

ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் இருக்கும் இடுப்பு வலிக்கு இந்த ஊசி காரணமில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பத்தில் மூட்டுகள் தளர்வது, குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பது, சீக்கிரமே குடம் தூக்குவது ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன?

"பெத்தவளுக்கு வலி இல்லாம இருக்குமா?" என்பார்கள் பெரியவர்கள். ஆனால் வலி இருந்தால் தாய் எழுந்து நடக்க மாட்டாள். காலில் ரத்தம் உறையலாம். மூச்சை இழுத்து விடவும் இருமவும் பயப்படுவாள்; சளி கட்டும். குழந்தையை அணைத்துப் பால் கொடுக்கவும் முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

* ஆபரேஷனுக்கு முன்பே, "வலிக்கு என்ன மருந்து தருவீங்க?" என்று கேளுங்கள்.
* ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
* வலி அதிகமாகும் வரை காத்திருக்காதீர்கள். சொன்ன நேரத்தில் மருந்து எடுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் போன்றவை டாக்டர் சொன்ன அளவில் பால் கொடுக்கும் தாய்க்குத் தரப்படுபவைதான். கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.
* கால் மரத்திருக்கும்போது தனியாக எழாதீர்கள்.
* இருமும்போது மடித்த புடவையைத் தையல் மேல் அழுத்திப் பிடியுங்கள்.

உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டியவை

* உட்கார்ந்தால் கடுமையாகி, படுத்தால் குறையும் தலைவலி
* கால் மரப்பு நேரமாகியும் போகாதது, சிறுநீர் வராதது
* காய்ச்சல், தையலில் சீழ், அதிக ரத்தப்போக்கு
* கெண்டைக்காலில் வீக்கம், மூச்சுத் திணறல்

வீடு போன பிறகு இவை வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

2011 முதல் அரசு மருத்துவமனையில் சிசேரியனும், அதற்கான மருந்தும், தாய்க்கு 7 நாள் வரை சாப்பாடும் இலவசம். வீடு திரும்ப 102 வாகனமும் இலவசம். காரவள்ளியிலிருந்து மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் குலுங்கிப் போகாமல் 102-ஐக் கேளுங்கள். புறப்படும் முன் வலி மாத்திரை எப்போது போடுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுவில் சிசேரியன் ஆனவர்கள் வலியை யாரிடம் சொன்னார்கள்? சொல்ல முடிந்ததா?
2. இப்போது கர்ப்பமாக இருக்கும் உறுப்பினருக்குத் துணையாக மருத்துவமனை போகப் போவது யார்?

வலியைச் சொல்வது பலவீனம் இல்லை, தாயின் உரிமை.