முதியோர் பராமரிப்பும் தொழில் வாய்ப்புகளும்

மலையகத் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் பலர் வேலைக்காகக் கொழும்பு போன்ற நகரங்களுக்குச் செல்கின்றனர். லயத்தில் தனித்திருக்கும் தாத்தா, பாட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களையே சேர்கிறது. ஊதியமின்றிச் செய்யப்படும் இப்பணி, முறையாகக் கற்றால் ஒரு தொழிலாகும்.

தேவை ஏன் அதிகரிக்கிறது?
இலங்கைச் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 1981 இல் 6.6 சதவீதம், 2012 இல் 12.4 சதவீதம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

தொழில் வழிகள்
1. பராமரிப்பாளர்: தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற்று முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பணிபுரியலாம். தொழிற் பயிற்சி அதிகார சபை இப்பயிற்சியை வழங்குகிறது.
2. சமூகப் பணியாளர்: உயர்தரத்தின் பின் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் பட்டம் பயிலலாம். பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர்.
3. வெளிநாட்டுத் தொழில்: யப்பானுடன் 2019 இல் உடன்பாடு செய்யப்பட்டது. அங்கு செல்ல யப்பானிய மொழிப் பரீட்சையிலும் பராமரிப்புத் திறன் பரீட்சையிலும் சித்தியடைதல் வேண்டும்.

நினைவிற் கொள்க: சான்றிதழ் மட்டும் தொழிலை உறுதிசெய்யாது, பொறுமையும் மொழியறிவும் அவசியம். தமிழுடன் சிங்களமும் அறிந்தவருக்கு வாய்ப்பு விரியும்.

வினா: உமது தோட்டத்து முதியோர் எதிர்நோக்கும் மூன்று பிரச்சினைகளைக் குறிப்பிட்டு, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் அவற்றுக்கு எவ்வாறு உதவலாம் என விளக்குக.