உலோகத்துள் ஓர் ஒலி

ஒலி பரவ ஊடகம் தேவை என்று பள்ளியிலேயே படித்தோம். உலோகத்தில் ஒலி பரவும்போது அயனிகளின் அணிக்கோவை அதிர்கிறது என்பதையும் அறிவோம். ஆனால், அதே உலோகத்தில் வாயுவைப் போல் நிறைந்திருக்கும் எலக்ட்ரான்களிடையே தனியாக ஓர் ஒலியலை எழ முடியாதா? வகுப்பில் எனக்கு எழுந்த இந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

முடியாது என்றே முதலில் தோன்றும். காற்றில் ஓரிடத்தில் மூலக்கூறுகள் நெருங்கினால் அழுத்தம் கூடும், அவ்வளவே. எலக்ட்ரான்கள் நெருங்கினாலோ எதிர்மின்னூட்டம் குவிகிறது. நெடுந்தொலைவு எட்டும் கூலும் விசை அவற்றை வன்மையாக விலக்குகிறது. ஒலியலையில் அலைநீளம் மிக மிக அதிர்வெண் சுழியை நோக்கிக் குறையும். இங்கோ அது உயர்ந்தே நிற்கிறது. இதுவே பிளாஸ்மா அலைவு.

1956-இல் டேவிட் பைன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு வழி கண்டார். உலோகத்தில் இருவகை எலக்ட்ரான்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவகை நெருங்கும் இடத்திலிருந்து மற்றது விலகட்டும். பெஞ்சிலிருந்து ஒருவர் எழ, அவ்விடத்தில் இன்னொருவர் அமர்வதைப் போன்றது இது. மொத்த எண்ணிக்கை மாறாது, மின்னூட்டமும் குவியாது. ஆகவே ஒலி போன்ற அலை பரவலாம். இதற்கு அவர் இட்ட பெயர் ‘டீமன்’, அதாவது பேய்! பெயருக்கேற்ப அது புலப்படவும் இல்லை. மின்னூட்டம் மாறாததால் அது ஒளியுடன் வினைபுரிவதில்லை.

67 ஆண்டுகள் கழித்து, 2023-இல், அது அகப்பட்டது. எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று வலுவாக இடைவினை புரியும் ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட் என்னும் உலோகப் படிகத்தின்மீது இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலக்ட்ரான்களைச் செலுத்தி, அவை இழந்த ஆற்றலை அளந்தனர். அவர்கள் பேயைத் தேடவில்லை. எதிர்பாராத ஓர் அலை தென்பட்டது. அணிக்கோவையின் ஒலி என்பதற்கு அது மிக விரைவானது. பரப்புப் பிளாஸ்மான் என்பதற்கு மிக மெதுவானது. ஒவ்வொரு விளக்கமாகத் தள்ளிய பின்னரே பைன்ஸின் பழைய கருத்தை அடைந்தனர்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சென்ற பருவத்தில் ஆய்வகத்தில், என் வரைபடத்தின் நேர்கோட்டில் அமையாத ஒரு புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டேன். அதில் பேய் எதுவும் இருந்திராது. என் பிழையே இருந்திருக்கும். ஆயினும் அப்பிழை எங்கே நேர்ந்தது என்று அறியும் வாய்ப்பையும் சேர்த்தே அழித்தேன். நண்பர்களே, இனி நான் அழிக்கமாட்டேன்.