பல்லி மேல் போட்ட பழிகள்

"பல்லி விழுந்த சத்துணவு: மாணவர்களுக்கு வாந்தி, மயக்கம்." இந்தச் செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. படித்த கையோடு தேனாம்பேட்டை ஃப்ளாட்டில் யாராவது துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ட்யூப் லைட்டை நோக்கிப் போவார்கள். அங்கே ஒளிந்திருக்கும் பிராணிக்கு விஷமே கிடையாது. பல்லில் இல்லை, தோலில் இல்லை, வாலிலும் இல்லை. விஷத்துக்குப் பேர்போன கிலா மான்ஸ்டர் அமெரிக்க, மெக்சிகோ வறண்ட நிலங்களில் வாழ்கிறது. நம் சுவரில் ஓடுவதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் வாந்தி எடுக்கிறார்கள்? பெரும்பாலும் அருவருப்பும் பயமும்தான். ஒரு பிள்ளை சாம்பாரில் கண்டதைச் சொல்ல, பந்தி முழுக்கக் குமட்டல் பரவும். அது நடிப்பல்ல, உடம்பு நிஜமாகவே புரட்டும். இன்னொரு காரணமும் உண்டு. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். கொதிக்கும் சாம்பாரில் அது பிழைக்காது. ஆறிய சோற்றிலோ, நறுக்கி வைத்த பழத்திலோ எச்சம் விழுந்தால் பிழைத்துப் பெருகும். ஆனால் அதன் வேலை தெரிய ஆறு மணி நேரமாவது ஆகும், சில நாட்கள்கூடப் பிடிக்கும். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் வரும் வாந்திக்கு அந்தக் கிருமி பொறுப்பல்ல. பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுங்கள், சரி. பிறகு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் மருத்துவரிடம் போங்கள். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் முதல் குற்றவாளி, தட்டுப் போட்டு மூடாத பாத்திரம்.

அடுத்த பழி தோல் சம்பந்தமானது. காலையில் எழுந்தால் கழுத்தில் சாட்டையால் அடித்ததுபோல் ஒரு சிவந்த கோடு, எரிச்சல், சிறு கொப்புளங்கள். உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "ராத்திரி பல்லி மூத்திரம் பேஞ்சிருக்கு." பெரும்பாலும் இதைச் செய்தது பெடரஸ் என்ற வண்டு. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும், பார்க்க எறும்பு மாதிரி, மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும். அது கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. மேலே ஊரும்போது தூக்கத்தில் நாம் தேய்த்து நசுக்கிவிடுகிறோம். அதன் உடம்பிலிருந்து கசியும் பெடரின் என்ற நச்சு தோலைப் புண்ணாக்குகிறது. பலன் ஒரு நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால் வண்டு தப்பிவிட, சுவரில் கண்ணெதிரே நிற்கும் பல்லி மாட்டிக்கொள்கிறது. வண்டு மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பல்லி எச்சம் பட்டால் வெண்புள்ளி வரும் என்பதும் கதைதான். உடம்பின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது அது. யாருக்கும் தொற்றாது.

(பழிச்சொல்லில் பல்லிக்கு ஓர் அண்ணன் உண்டு. 'அரணை கடித்தால் மரணம்' என்று எதுகைக்காகவே ஒரு பிராணியைக் கொலைகாரனாக்கிய ஊர் இது. அரணைக்கும் விஷம் கிடையாது.)

சகுன விஷயத்துக்கு வருவோம். பல்லி சொல்லும் நிமித்தம் சங்கப் பாடல்களிலேயே உண்டு. எந்த அங்கத்தில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் இன்றும் பட்டியல் போடுகிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வந்தால் தோஷம் போகும் என்பார்கள். தொட்டுவிட்டு வாருங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தச் 'சிக் சிக்' உங்கள் பேச்சுக்குச் சாட்சி சொல்வதில்லை. இது என் இடம் என்று எதிரிக்கு மிரட்டல் விடவும், துணையைக் கூப்பிடவும்தான் பல்லி கத்துகிறது. பூச்சியைத் துரத்தும் பாய்ச்சலிலோ தங்களுக்குள் சண்டையிலோ பிடி தவறினால் விழுகிறது. அதன் பாதத்தில் பசையும் இல்லை, உறிஞ்சுகிண்ணமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்மயிர்கள், சுவரின் மூலக்கூறுகளோடு ஏற்படும் மெல்லிய ஈர்ப்பில் அதைத் தாங்குகின்றன. அப்படி ஒரு மயிரின் பிடியை 2000-ல் கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு அளந்து காட்டியது. கண்ணாடியிலும் நிற்கும் அந்தக் கால் உலர்ந்த டெஃப்லானில் வழுக்கும்.

பல்லியின் பக்கம் நிற்பவர்களும் கொஞ்சம் அளக்கிறார்கள். வீட்டில் பல்லி இருந்தால் டெங்கு வராதாம். பல்லி கொசுவைத் தின்னும், மறுக்கவில்லை. ஈசல், அந்துப்பூச்சி, கரப்பான் குஞ்சு, சிலந்தி எல்லாவற்றையும் தின்னும். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், பல்லி இரவில் வேட்டையாடும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரை நீங்கள்தான் கொட்டியாக வேண்டும்.

விரட்டும் முறைகளில்தான் நாம் செய்யும் தவறுகள் மோசமானவை. மயில் தோகை, முட்டை ஓடு எல்லாம் அலங்காரம், ஆபத்தில்லை. அந்துருண்டை அப்படியல்ல. நாப்தலினாலான உருண்டையை மிட்டாய் என்று குழந்தை விழுங்கினால் சிவப்பணுக்கள் சிதையலாம். ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடுள்ள குழந்தைக்கு அதன் நெடியே ஆகாது. எலிக்கு வைக்கும் பசை அட்டை இன்னும் கொடுமை. ஒட்டிய பல்லி பசியிலும் தாகத்திலும் மெல்லச் சாகும். ருக்மிணி தேவி அருண்டேலை முதல் தலைவராகக் கொண்டு 1962-ல் தொடங்கி, திருவான்மியூரில் பல ஆண்டுகள் இயங்கிய இந்திய விலங்குகள் நல வாரியமே இந்த அட்டைகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஏற்கெனவே ஒன்று ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஓரத்திலிருந்து மெல்லத் தடவினால் பசை இளகும்.

பல்லி வருவது உங்களுக்காக அல்ல, உங்கள் விளக்குக்கு வரும் பூச்சிக்காக. பால்கனியில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு போட்டால் பூச்சி குறையும், பல்லியும் இடம் பார்த்துப் போகும். ஜன்னல் கொசுவலைக் கிழிசலைத் தைத்து, குழாய் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். ஏசியின் அவுட்டோர் போர்டில் பல்லி புகுந்து ஷார்ட் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால் நம்பலாம், அது உண்மை. அடுத்த சர்வீஸில் கேபிள் ஓட்டையையும் அடைக்கச் சொல்லுங்கள். அறைக்குள் வந்துவிட்டதை வெளியேற்ற ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவும் காலண்டர் அட்டையும் போதும்: டப்பாவால் மூடி, அட்டையை அடியில் நுழைத்து, மதில் மேல் விட்டுவிடுங்கள். அவசரத்தில் வாலைப் பிடித்தால் வால் உங்கள் கையில் நின்றுவிடும். முளைக்கத்தான் செய்யும், ஆனால் வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. புதுவாலில் எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் இருக்கும்.