பதிவேடுகளில் வாழும் முன்னோர்

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே, நெல்வயல்கள் முடிந்து மணல்வெளி தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது தரங்கம்பாடி என்னும் கடற்கரை ஊர். அங்கே அலைவாயில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் ஆட்சியில் 1306ஆம் ஆண்டளவில் எழுந்ததாகும். அதன் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எனினும், எஞ்சிய கல்வெட்டு அவ்வூரின் பழம்பெயர் சடங்கன்பாடி என்பதை இன்றும் உணர்த்துகின்றது. ஊருக்குக் கல்வெட்டு எத்தகையதோ, குடும்பத்திற்குப் பழம்பத்திரமும் பதிவேடும் அத்தகையனவாம். அவற்றின் துணைகொண்டு மறைந்த முன்னோரைக் கண்டறியும் முறைக்குத் தரங்கம்பாடி நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை இரகுநாத நாயக்கர் ஆண்டு வந்தார். டென்மார்க்கு நாட்டு மன்னர் நான்காம் கிறித்தியான் அனுப்பிய ஓவே கெடே என்னும் கப்பற்றலைவர் அவரிடம் வந்தார். 1620ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இரு தரத்தாரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி டேனியர் ஆண்டுதோறும் பொருள் செலுத்தித் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் நடத்தலாயினர். அவர்கள் எழுப்பிய டேன்சுபோர்க்குக் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. இடையே சில ஆண்டுகள் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்தது நீங்கலாக, 1845ஆம் ஆண்டு வரை அவ்வூர் டேனியர் வசமே இருந்தது. அவ்வாண்டில் அவர்கள் அதனை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு விற்றுவிட்டனர்.

இவ்விருநூற்று இருபத்தைந்து ஆண்டுகளில் போர்வீரர், வணிகர், கணக்கர், சமய குருமார் எனப் பலர் கடல் கடந்து வந்தனர். சிலர் பொருளீட்டித் தாயகம் மீண்டனர். பலர் இந்நாட்டு வெப்பமும் நோயும் தாங்காது இளமையிலேயே மாண்டனர். வேறு சிலர் இங்கேயே மணம் புரிந்து, மனை வாங்கி, மக்களைப் பெற்று நிலைத்தனர். அவர்தம் வழித்தோன்றல் ஒருவர் இன்று தம் முன்னோரைத் தேடப் புகுகின்றார் எனக் கொள்வோம். அவர் எங்குத் தொடங்குதல் வேண்டும்?

முதலில் நாடவேண்டியது தேவாலயப் பதிவேடு. டேனியர்க்கென 1701இல் சீயோன் தேவாலயமும், தமிழ்க் கிறித்தவர்க்கென 1718இல் புதிய எருசலேம் தேவாலயமும் அவ்வூரில் எழுந்தன. பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு, வளர்ந்தோர்க்குத் திருமணம், இறந்தோர்க்கு அடக்கம் என்னும் மூன்றும் தேவாலய ஏடுகளில் எழுதப்படுவன. ஆயினும், பெயரை மட்டும் நம்பினால் இடர்ப்பட நேரும். அக்கால டேனிய மக்களுட் பெரும்பாலோர்க்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. ஹான்சு என்பவர் மகன் ஹான்சன். அவன் பெயர் பீட்டராயின், அவன் மகன் பீட்டர்சன். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயரின் முன் இட்டு எழுதும் தமிழர் வழக்கை இஃது ஒருவாறு ஒத்திருத்தல் காண்க. ஆகவே, தலைமுறைதோறும் பெயர் மாறும். ஒரே காலத்தில் ஒரே பெயருடையோர் இருவர் மூவரும் இருப்பர். ஆண்டு, அகவை, தொழில், மனைவியின் பெயர், சான்றொப்பமிட்டோர் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டு சான்றுகள் பொருந்திய பின்னரே 'இவரே அவர்' எனத் துணிதல் வேண்டும்.

அடுத்துத் துணை செய்வன சொத்துப் பத்திரங்கள். இங்கே தேடல் பின்னோக்கிச் செல்லும். இன்றைய பத்திரத்தில் முந்தைய பத்திரத்தின் குறிப்பு இருக்கும். அதிலிருந்து அதற்கு முந்தைய மூலப்பத்திரத்தை அடையலாம். ஆங்கிலேயர் இயற்றிய 1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் எழுந்த பத்திரங்களுக்குப் பதிவலுவலகத்தில் படிகள் இருத்தல் கூடும். அதற்கும் முற்பட்டவற்றிற்கு டேனிய ஆட்சியின் ஆவணங்களையே நாடவேண்டும். அவற்றுள் ஒரு பகுதி சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. பெரும்பகுதி டென்மார்க்குத் தலைநகராகிய கோபனேகனில் உள்ளது. டேனிய வாணிகக் கும்பினிகளின் ஆவணத் தொகுதியை 1997இல் ஐக்கிய நாடுகளின் யுனெசுகோ நிறுவனம் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. பழைய டேனிய மொழியையும் அதன் கையெழுத்து முறையையும் கற்றாலன்றி அவற்றைப் படித்தல் அரிது.

தஞ்சைப் பகுதியில் நிலத்தை வேலி, மா, குழி எனக் கணக்கிடுவர். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. அளவினைக் கூறியபின் பத்திரம் நான்கெல்லையைக் கூறும். கிழக்கே இன்னார் மனை, மேற்கே தெரு, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் நஞ்சை என அது அமையும். இந்நான்கெல்லை தேடுவோர்க்குப் பெருந்துணையாவது. ஒருவருடைய பத்திரம் கறையானுக்கு இரையாகியிருக்கலாம், கடலுள் போயிருக்கலாம். ஆயினும், அண்டை வீட்டார் பத்திரத்தில் அவர் பெயர் எல்லையாக நின்று, 'நான் இங்கே வாழ்ந்தேன்' எனச் சான்று பகரும். தன் ஏடு அழிந்தவனைப் பிறர் ஏடு காக்கின்றது.

அரசர்க்கு இத்துணை இடர்ப்பாடு இல்லை. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி தம் போன்சுலே மரபின் வரலாற்றை 1803இல் பெரிய கோயிலின் சுவரில் மராத்திய மொழியில் பொறித்து வைத்தார். மராட்டிய நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடியின் வரலாறு அங்கே கல்லில் நிற்கின்றது. மன்னர் கல்லில் வாழ்வர். மனையுடையோர் பத்திரத்தில் வாழ்வர். மண்ணும் மனையும் இல்லாதார் எங்கே வாழ்வர்?

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு என்னும் செருமானிய அறிஞர் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். மறு ஆண்டு மே 12ஆம் நாள் ஐவர்க்கு அங்கே திருமுழுக்கு நடைபெற்றது. அவ்வைவரும் டேனியர் இல்லங்களில் அடிமைகளாய் இருந்தோர். அடிமையைத் தலைவன் தன் உடைமையாகவே கருதினான். வீடும் தட்டுமுட்டும் எழுதும் கணக்கில் அவனையும் எழுதினான். தேவாலய ஏடோ அவனை ஓர் ஆளாக, ஒரு பெயருடையவனாகக் குறித்தது. ஆனால், அப்பெயர் திருமுழுக்கின்போது இட்ட புதுப்பெயர். தாய் அழைத்த பெயரை இழந்தவனுடைய முன்னோரை அவன் வழித்தோன்றல் எவ்வாறு தேடுவான்? மனை வாங்கியவனின் தடம் தெளிவாய்த் தெரிய, அவ்வீட்டில் உழைத்தவனின் தடம் மறைந்துபோதல் எண்ணத்தக்கது.

இந்நிலை தரங்கம்பாடிக்கு மட்டும் உரியதன்று. தஞ்சைத் தரணியில் வேலிக்கணக்கான நஞ்சைக்குப் பத்திரங்கள் எழுதப்பட்டன. விற்றவன் பெயரும் வாங்கியவன் பெயரும் அவற்றில் உண்டு. சேற்றில் இறங்கி உழுத பண்ணையாளின் பெயர் நான்கெல்லையிலும் இடம்பெறவில்லை. பெயர் ஏட்டில் ஏறாதவன் வழக்குமன்றத்தில் தன் உரிமையை எதைக் கொண்டு நாட்டுவான்? இக்குறையை நோக்கியே 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1969இல் இயற்றப்பெற்ற மற்றொரு சட்டம் குத்தகை உழவரின் பெயரையும் அரசுப் பதிவேட்டில் எழுதச் செய்தது. ஏட்டில் ஏறிய ஒரு வரி, ஏர் பிடித்தவனுக்குக் காவலாயிற்று.

ஆகவே, முன்னோரைத் தேடுதல் வெறும் பெருமை பாராட்டுதற்கு அன்று. தேடுவோர் தாம் விரும்பியதை மட்டும் கொண்டு, விரும்பாததை மறைத்தல் ஆகாது. தம் முன்னோன் வீட்டை வாங்கினான் எனக் கண்டு மகிழ்பவர், அவ்வீட்டில் அடிமை இருந்தான் எனக் காணின் அதனையும் எழுதி வைத்தல் வேண்டும். அதுவே நேர்மை. பரணில் கிடக்கும் பழைய ஓலையையும் பத்திரத்தையும் குப்பையென எறியாது காத்தலும், முதியோர் நினைவில் உள்ள பெயர்களை அவர் உள்ளபோதே கேட்டு எழுதுதலும் இளையோர் கடன். எழுதும்போது உடையவன் பெயரோடு உழைத்தவன் பெயரையும் சேர்த்து எழுதுவாராயின், நாளை தேடி வருவோர் எவரும் வெறுங்கையோடு திரும்பார்.