கூடி எழுதும் ஏடு

ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆயினும், வடத்தை ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் நிலைக்கு வாராது. நூல் எழுதும் தொழிலும் அத்தகையதே. பலர் கூடி ஒரு நூலை எழுதப் புகுந்தால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் அறியாமலே அழித்துவிடக்கூடும். பிழையொன்று நுழைந்தால் அதனை நுழைத்தவர் யார் என்பதும் விளங்காமற் போகும். இவ்விடர்களை நீக்கி, ஆயிரக்கணக்கானோர் ஒரே ஏட்டில் எழுதுவதற்குக் கணிப்பொறி வழிகாட்டியுள்ளது.

அமெரிக்க நாட்டுக் கணிப்பொறி வல்லுநராகிய வார்டு கன்னிங்காம் என்பவர், படிப்போர் எவரும் உடனே திருத்தி எழுதத்தக்க இணையப் பக்கங்களை 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்பதற்கு விரைவு என்பது பொருள். ஹோனலூலு விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றிச் சென்ற பேருந்துக்கு வழங்கிய அப்பெயரையே தம் படைப்புக்கும் அவர் சூட்டினார். அந்நெறியைப் பின்பற்றி ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை வளர்த்தோருள் முன்னோடியாக விளங்கியவர் இலங்கைத் தமிழரான மயூரநாதன் ஆவார்.

எவரும் திருத்தலாம் என்றால் ஏடு சிதைந்துவிடாதோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. விக்கியில் பழைய பக்கம் அழிவதில்லை. ஒவ்வொரு திருத்தமும் ஒரு புதிய பதிப்பாகச் சேர்கிறது. முந்திய பதிப்பு அப்படியே காக்கப்படுகிறது. திருத்தியவரின் பெயரோ அடையாளமோ, நாளும் நேரமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகின்றன. இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து, நீக்கிய சொல் எது, சேர்த்த சொல் எது என எளிதிற் காணலாம். திருத்தம் தவறாயின் பழைய பதிப்பை மீட்டுவிடலாம். கருத்து வேறுபாடு தோன்றினால், கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில் இரு சாராரும் தத்தம் சான்றுகளை எடுத்துரைப்பர்.

இம்முறையின் வலிமையையும் குறையையும் 2005ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உலகுக்கு உணர்த்தியது. ஜான் சீகெந்தாலர் என்பவர் அமெரிக்காவின் முதுபெரும் இதழாளர். இராபர்ட் கென்னடியின் உதவியாளராகப் பணிபுரிந்தவர். அவர் மறைந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவருள் ஒருவர். அத்தகையவர் கென்னடி உடன்பிறந்தோரின் கொலைகளில் தொடர்புடையவர் என ஐயுறப்பட்டதாக, ஆங்கில விக்கிப்பீடியாவில் மே திங்களில் ஒருவர் பொய் எழுதிவைத்தார். ஏறத்தாழ நான்கு திங்கள் அப்பொய் நீக்கப்படாமல் நின்றது. எழுபத்தெட்டு வயதில் தம் நற்பெயருக்கு நேர்ந்த மாசினைக் கண்டு அம்முதியவர் உள்ளம் நொந்து செய்தித்தாளில் எழுதினார். பதிவாகியிருந்த இணைய முகவரியின் தடம்பற்றிச் சென்றதால், எழுதியவர் யார் என்பது வெளிப்பட்டது. வேடிக்கைக்காகவே எழுதியதாகக் கூறி அவர் மன்னிப்பு வேண்டினார். அவ்வாண்டு திசம்பர் முதல், பதிவு செய்துகொள்ளாதவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது. எழுதியவரைத் தேடிக் காணப் பதிவேடு உதவியது. எழுதியது பொய் என்பதை அது தானாகச் சொல்லவில்லை. அதற்குப் படிப்பவரின் விழிப்பே வேண்டியிருந்தது.

அதே 2005ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டிற் பிறந்த லினஸ் டோர்வால்ட்சு 'கிட்' என்னும் பதிப்புக் காப்பு முறையை உருவாக்கினார். லினக்சு என்னும் மென்பொருளைப் பல நாட்டார் கூடி எழுதுவதற்காக எழுந்தது அது. இம்முறையில் முழு வரலாற்றோடு கூடிய படியொன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். அவர் தனிக் கிளை அமைத்துத் தம் திருத்தத்தைச் செய்து அனுப்புவார். பொறுப்பாளர் அதனை ஆராய்ந்து, தக்கதாயின் மூலத்தோடு இணைப்பார். ஒரே வரியை இருவர் இருவிதமாக மாற்றியிருந்தால், கருவி தானே முடிவு செய்வதில்லை. இரண்டையும் காட்டி மனிதரின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறது. விக்கிகளுட் சில, தம் பக்கங்களை இக்கிட் முறையிலேயே காத்து வருகின்றன. விக்கிப்பீடியாவில் பெரும்பாலும் திருத்தம் முன்னே, ஆய்வு பின்னே. கிட் வழி நடக்கும் பணிகளிலோ பெரும்பாலும் ஆய்வு முன்னே, இணைப்பு பின்னே.

எம்முறையாயினும், எழுதுவோர்க்குரிய கடமைகள் ஒன்றே. ஒரு வேளையில் ஒரு பொருளையே திருத்துதல் வேண்டும். பல மாற்றங்களை ஒன்றாகக் கலந்தால் ஆராய்வோர் இடர்ப்படுவர். திருத்தியதன் காரணத்தை ஓரிரு சொற்களிற் குறித்தல் வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் நம்பத்தக்க சான்று காட்டுதல் வேண்டும். தாம் எழுதியதைப் பிறர் மாற்றும்போது சினம் கொள்ளாது, காரணம் கேட்டறிதல் வேண்டும். பெயர் தெரியாத ஒருவரின் வாழ்வும் மானமும் தம் ஒரு வரியால் குலையக்கூடும் என்பதை உணர்ந்தவரே இப்பொது ஏட்டில் எழுதத் தகுதியுடையவர் ஆவர்.